பிறந்த ஊரிலேயே செல்லாத நாணயம்

ஹைதராபாத் லக்டிகாபுல் சந்திப்பை ஒட்டிய இரானி தேநீர்க் கடை ஒன்றில் அண்மையில் தேநீர் அருந்திவிட்டு, இரண்டு பத்து ரூபாய் நாணயங்களைக் கல்லாவில் வைத்தேன். கல்லாவில் இருந்தவர் அவற்றைக் கையில் எடுக்கக்கூட இல்லை. விரல் நுனியால் என் பக்கமே நகர்த்திவிட்டு, "நக்கோ சாப்" என்றார். வேண்டாம் என்பதற்குத் தக்காண உருதுவில் வழங்கும் இந்தச் சொல்லை அந்த நகரத்துக்குச் செல்லும் எவரும் முதல் நாளிலேயே கற்றுக்கொண்டுவிடுவர்.

வெளியே நடைபாதையில் பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டியிடம் அதே நாணயங்களை நீட்டினேன். அவர் தெலுங்கில், "செல்லது பாபு" என்றார். தமிழனுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் தேவையில்லை. நாம் "செல்லாது" என்கிறோம். அவர்கள் ஓர் எழுத்தைக் குறுக்கிச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

திருப்பி வாங்கிய நாணயத்தை உற்றுப் பார்த்தபோதுதான் வேடிக்கை புலப்பட்டது. ஆண்டைக் குறிக்கும் எண்ணுக்குக் கீழே ஒரு சிறு நட்சத்திரம் இருந்தது. ஹைதராபாத் நாணயச்சாலையின் முத்திரை அது. மும்பையில் அச்சாகும் நாணயத்தில் சாய்சதுரமும், நொய்டாவில் அச்சாகும் நாணயத்தில் வட்டப் புள்ளியும் இருக்கும்; கொல்கத்தா நாணயத்தில் குறி எதுவும் இராது. ஆக, இதே நகரின் செர்லபள்ளியில் அச்சாகி, இதே நகரின் வங்கிகள் வழியாக வெளியே வந்த நாணயம், இதே நகரில் ஒரு கோப்பைத் தேநீருக்கும் ஒரு முழம் பூவுக்கும் உதவவில்லை.

லக்டிகாபுல்லை அடுத்துள்ள சைஃபாபாதில்தான் ரிசர்வ் வங்கியின் மண்டல அலுவலகம் இருக்கிறது. பழைய நாணயச்சாலைக் கட்டடமும் அதே பகுதியில்தான் உள்ளது. 1803-இல் நிஜாம் சிக்கந்தர் ஜா காலத்தில் சுல்தான் ஷாஹியில் தொடங்கப்பட்டு, 1903-இல் சைஃபாபாதுக்கு மாற்றப்பட்டு, 1997-இல் செர்லபள்ளிக்கு இடம்பெயர்ந்த நீண்ட வரலாறு அந்த நாணயச்சாலைக்கு உண்டு. சென்னையில் தங்கசாலை என்ற தெருப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்க, ஹைதராபாத்தில் காசு அச்சிடும் தொழில் இன்றும் தொடர்கிறது. சைஃபாபாத் கட்டடம் 2022 ஜூனில் அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. உள்ளே நாணயத்தின் பெருமை பேசப்படுகிறது. வெளியே சாலையில் நாணயத்தை வாங்க ஆளில்லை.

தில்லிவாசிகளுக்கு இது வியப்பாக இருக்கலாம். தலைநகரில் ஆட்டோ ஓட்டுநரும், காய்கறிக்காரரும், பாதாள ரயில் நிலையத்துக்கு வெளியே கடலை விற்பவரும் பத்து ரூபாய் நாணயத்தை மறுபேச்சின்றி வாங்கிக்கொள்கின்றனர். ஆனால் விந்தியத்துக்குத் தெற்கே பல ஊர்களில் நிலைமை வேறு. தமிழகத்திலும் அரசுப் பேருந்து நடத்துநர்கள் இந்த நாணயத்தை மறுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டிய நிலை ஏற்பட்டது. பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்பதை ஊருக்கு உணர்த்துவதற்காகவே தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் 2022-இல் பல லட்சம் ரூபாய்க்கு அந்த நாணயங்களைத் திரட்டி, மூட்டைகளாகக் கொண்டுசென்று கார் வாங்கிய செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. அரசு வெளியிட்ட காசு அரசின் காசுதான் என்று நிரூபிக்க ஒரு குடிமகன் கார் வாங்க வேண்டியிருந்தது!

இதற்கு அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்றுதான்: மக்களின் அறியாமை. வதந்தியை நம்புகிறார்கள், விழிப்புணர்வு இல்லை, எனவே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும் என்கிறார்கள். ரிசர்வ் வங்கியும் தன் பங்குக்கு 2016 நவம்பரில் ஒரு விளக்கம் வெளியிட்டது. 2018 ஜனவரி 17 அன்று, அதுவரை வெளியான பத்து ரூபாய் நாணயங்களின் 14 வடிவங்களும் செல்லும் என்று மீண்டும் அறிவித்தது. 14440 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்தால் பதிவு செய்யப்பட்ட குரல் இதையே சொல்லும். குறுஞ்செய்திகளும் வந்தன. இத்தனைக்குப் பிறகும் லக்டிகாபுல் கல்லாவில் "நக்கோ" என்ற சொல் மாறவில்லை என்றால், கோளாறு மக்களின் அறிவில்தான் இருக்கிறதா என்று கேட்க வேண்டாமா?

வதந்தி எப்படித் தொடங்கியது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 2016 அக்டோபரில் தில்லியின் பவானா தொழிற்பேட்டையில் 5, 10 ரூபாய் நாணயங்களைக் கள்ளத்தனமாக அச்சிட்ட ஆலை ஒன்றைக் காவல்துறை கண்டுபிடித்தது. அடுத்த சில வாரங்களில், நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டது. கையில் இருக்கும் பணம் ஒரே இரவில் காகிதமாகிவிடும் என்பதை அன்று நாடே கண்கூடாகக் கண்டது. அந்தப் பதற்றத்தில் பரவிய செய்தி இதுதான்: பத்து கதிர்களும் ரூபாய்க் குறியீடும் உள்ள நாணயம் அசல், பதினைந்து கதிர்கள் உள்ள, குறியீடு இல்லாத நாணயம் போலி.

உண்மையில் இரண்டுமே அசல்தான். ரூபாய்க்கான குறியீட்டை மத்திய அமைச்சரவை ஏற்றது 2010 ஜூலையில். அதை வடிவமைத்தவர் தமிழகத்தைச் சேர்ந்த டி. உதயகுமார். 2011 முதலே நாணயங்களில் அது இடம்பெறத் தொடங்கியது. அதற்கு முன் அச்சான நாணயத்தில் அந்தக் குறியீடு எப்படி இருக்கும்? குழந்தை பிறக்கும் முன்பே அதன் பெயரைப் பத்திரத்தில் தேடிய கதை இது. ஆனால் இந்த விளக்கத்தைப் புதிய வடிவம் வெளியான அன்றே யாரும் கடைத்தெருவில் சொல்லவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, வதந்தி ஊரைச் சுற்றி வந்த பிறகு, மும்பையிலிருந்து ஒரு செய்திக்குறிப்பு வந்தது.

தவிர, மக்கள் பயன்படுத்திய தர்க்கத்தில் என்ன பிழை? கள்ள நோட்டைக் கண்டறிவது எப்படி என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே ரிசர்வ் வங்கிதான். "பைசா போல்தா ஹை" என்ற பெயரில் ஓர் இயக்கமே நடத்தியது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நீர்க்குறி இருக்கிறதா, பாதுகாப்பு இழை இருக்கிறதா, சிறு வேறுபாடு இருந்தாலும் ஐயுறுங்கள் என்று சொல்லிக்கொடுத்தது. மாணவர்கள் பாடத்தை நன்றாகவே படித்தார்கள். ஒரே மதிப்புள்ள இரு நாணயங்களில் ஒன்றில் பத்து கோடுகளும் மற்றொன்றில் பதினைந்து கோடுகளும் இருந்தால் இரண்டில் ஒன்று போலி என்று முடிவு செய்தார்கள். தேர்வுத்தாளைத் தயாரித்தவர் செய்த குழப்பத்துக்கு மாணவனைத் தண்டிப்பது நியாயமன்று.

பதினான்கு வடிவங்கள் என்பது சாதாரண எண்ணிக்கை அல்ல. 2005-ஆம் ஆண்டிட்ட முதல் நாணயத்தைத் தொடர்ந்து ரிசர்வ் வங்கியின் பவள விழா, ஹோமி பாபா நூற்றாண்டு, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டுகள், வைஷ்ணவ தேவி ஆலய வாரியம், கயிறு வாரியத்தின் வைர விழா, காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நூற்றாண்டு, அம்பேத்கர் 125, சர்வதேச யோகா தினம், சுவாமி சின்மயானந்தர் நூற்றாண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்து ரூபாய் நாணயம் வந்தது. 2018 அறிவிப்புக்குப் பிறகும் இது நிற்கவில்லை. 2019-இல் தானியக் கதிர் பொறித்த புதிய வரிசை. 2022 ஜூனில் விடுதலையின் 75-ஆம் ஆண்டு முத்திரையுடன் மற்றொரு வரிசை.

கொண்டாடப்பட்டவர்கள் அனைவரும் கொண்டாட்டத்துக்கு உரியவர்களே. அம்பேத்கரின் உருவம் பொறித்த நாணயத்தைக் கையில் வாங்கும்போது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நாணயம் என்பது வாழ்த்து மடல் அன்று. அது பேருந்தின் நெரிசலிலும், மங்கிய விளக்கொளியிலும், ஈரக் கையிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் அடையாளம் காணப்பட வேண்டிய கருவி. கயிறு வாரியத்துக்குப் பெருமை சேர்க்கும் அதே நேரத்தில், அந்த நாணயத்தை முதன்முதலாகப் பார்க்கும் பூக்கார மூதாட்டிக்கு அது ஐயத்தைச் சேர்க்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு நிர்வாகத்தில் ஒரு வேர் உண்டு. ரூபாய் நோட்டை வெளியிடும் உரிமை ரிசர்வ் வங்கியுடையது. அதன் வடிவத்தை வங்கியின் மத்திய வாரியம் பரிந்துரைக்க, மத்திய அரசு ஒப்புதல் அளிக்கிறது. நாணயத்தின் கதை வேறு. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி எந்த மதிப்பில், எந்த வடிவில், எந்த உலோகத்தில் நாணயம் வர வேண்டும் என்பதைத் தில்லியில் உள்ள மத்திய அரசே முடிவு செய்கிறது. ரிசர்வ் வங்கி அதை வாங்கி விநியோகிக்கும் முகவர் மட்டுமே. வடிவமைப்பவர் ஓரிடம், விநியோகிப்பவர் ஓரிடம், வதந்திக்குப் பதில் சொல்பவர் ஓரிடம். கடைத்தெருவின் முகம் சுளிப்பு இவர்களில் யாருடைய மேஜையையும் எட்டுவதில்லை.

வடிவத்தை விட மோசமானது அளவு. இதை நான் முதலில் நம்பவில்லை. விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்பினேன். 2011-க்கு முந்தைய எஃகு வரிசையில் 50 காசு நாணயத்தின் விட்டம் 22 மில்லிமீட்டர், எடை 3.79 கிராம். ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். 2011-இல் புதிய வரிசை வந்தபோது ஒரு ரூபாய் நாணயம் 22 மில்லிமீட்டராக, 3.79 கிராமாகச் சுருங்கியது. இரண்டு ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டராக, 4.85 கிராமாக ஆனது. அதாவது, பழைய 50 காசின் உடலுக்குள் புதிய ஒரு ரூபாய் குடியேறியது. பழைய ஒரு ரூபாயின் உடலுக்குள் புதிய இரண்டு ரூபாய் குடியேறியது. உலோகமும் அதே துருப்பிடிக்காத எஃகுதான். கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையை நம் சித்தர்கள் மட்டுமே அறிவார்கள் என்று எண்ணியிருந்தோம். அமைச்சகத்துக்கும் அது தெரிந்திருக்கிறது.

விளைவை எண்ணிப் பாருங்கள். கண்ணுள்ளவர்களே பழைய ஒரு ரூபாயையும் புதிய இரண்டு ரூபாயையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொடுக்கிறார்கள். நகரப் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காசு எண்ணும் நடத்துநர் என்ன செய்வார்? அதற்கு முன்பும் ஒரு கூத்து நடந்தது. 1992 முதல் புழங்கிய பதினொரு பக்கங்கள் கொண்ட இரண்டு ரூபாய் நாணயத்தை விரலால் தடவினாலே தெரிந்துவிடும். அதைக் கைவிட்டு, ஒரு ரூபாயை விட ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே பெரிதான வட்ட நாணயத்தைக் கொண்டுவந்தார்கள். 2007-இல் நாட்டிய முத்திரைகள் வந்தன: ஒரு ரூபாய்க்குக் கட்டைவிரல், இரண்டு ரூபாய்க்கு இரண்டு விரல்கள். பார்ப்பதற்கு அழகு. ஆனால் தடவிப் பார்ப்பவருக்கு விரல் எத்தனை என்பது எப்படித் தெரியும்?

2019 மார்ச் 7 அன்று பிரதமர் வெளியிட்ட வரிசையில் இந்தப் பிழை உணரப்பட்டிருந்தது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பார்வையற்றோருக்கு உதவும் வகையில் மதிப்பு கூடக் கூட விட்டமும் எடையும் கூடும்படி 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்கள் 20, 23, 25, 27 மில்லிமீட்டர் என்று அமைக்கப்பட்டன. 20 ரூபாய் நாணயம் பன்னிரண்டு பக்கங்களுடன் வந்தது. தனியாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு முந்தைய மூன்று தலைமுறை நாணயங்களும் அதே பையில்தான் கிடக்கின்றன. இன்று 25 மில்லிமீட்டர் நாணயம் ஒன்று விரலில் பட்டால் அது பழைய ஒரு ரூபாயாக இருக்கலாம், 2011-இன் இரண்டு ரூபாயாக இருக்கலாம், 2019-இன் ஐந்து ரூபாயாகவும் இருக்கலாம். ஐந்து ரூபாய் எடையில் வேறுபடும் என்பது மட்டுமே ஆறுதல். பழையதைத் திரும்பப் பெறாமல் புதியதை மட்டும் ஒழுங்குபடுத்துவது, வீட்டுக் கதவு எண்களை மாற்றிவிட்டுப் பழைய எண்களையும் அப்படியே விட்டுவைப்பதைப் போன்றது.

திரும்பப் பெறத் தெரியாத அரசா என்றால் அதுவும் இல்லை. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டன. 2005-க்கு முன் அச்சான ரூபாய் நோட்டுகளை 2014 ஜனவரி முதல் வங்கிகள் வழியாக, அவை செல்லுபடியாகும் நிலையிலேயே, ஓசையின்றித் திரும்பப் பெற்றார்கள். ஒரு கூச்சலும் எழவில்லை. பழைய எஃகு நாணயங்களுக்கும் அதையே செய்யலாம்.

நோட்டுகளின் நிலையும் பாராட்டும்படி இல்லை. பழைய வரிசையில் 500 ரூபாய் நோட்டுக்கும் 100 ரூபாய் நோட்டுக்கும் நீளத்தில் 10 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. பார்வையற்றோர் விரலிடுக்கில் மடித்துப் பார்த்தே மதிப்பைச் சொல்லிவிடுவார்கள். 2016-க்குப் பின் வந்த வரிசையில் 500 ரூபாய் 150 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 100 ரூபாய் 142. அகலம் மூன்றுக்கும் 66-தான். நான்கு மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு துவரம்பருப்பின் அளவு. புடைத்த கோடுகளும் முக்கோணமும் வட்டமும் இருக்கின்றனவே என்பார்கள். புது நோட்டில் இருக்கின்றன. நூறு கை மாறிய நோட்டில் தேய்ந்துபோகின்றன. இந்தக் குறை பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2020 ஜனவரியில் நோட்டை அடையாளம் சொல்லும் "மணி" என்ற கைப்பேசிச் செயலியை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. உதவிதான். ஆனால் ரயில் நிலையத்தில் ஊதுபத்தி விற்கும் பார்வையற்ற ஒருவர், வாடிக்கையாளர் தரும் ஒவ்வொரு நோட்டையும் கைப்பேசிக்குக் காட்டிக் கேட்டுவிட்டா மீதி கொடுப்பார்? அதற்குள் ரயில் புறப்பட்டுவிடும்.

ஐரோப்பாவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒரே யூரோவைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் மன்னரையும் கவிஞரையும் கோபுரத்தையும் பொறிக்க ஆசை உண்டு. எனவே ஒரு பக்கத்தை அந்தந்த நாட்டுக்கு விட்டுவிட்டார்கள். மதிப்பைக் காட்டும் மறுபக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்றே. நினைவு நாணயம் என்றால் இரண்டு யூரோ நாணயத்தில் மட்டும், அதுவும் ஒரு நாடு ஆண்டுக்கு இரண்டு என்று வரம்பு கட்டினார்கள். அங்கே ஃபின்லாந்து நாணயம் போர்ச்சுகலில் செல்லுகிறது. இங்கே செர்லபள்ளி நாணயம் லக்டிகாபுல்லில் செல்லவில்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? ஹைதராபாத்தின் பழைய வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. நிஜாம் ஆட்சியில் அந்தச் சமஸ்தானத்துக்குத் தனி நாணயம் இருந்தது; உஸ்மானியா சிக்கா என்று பெயர். இயந்திரத்தில் அச்சான நாணயத்தின் முகத்தில் சார்மினார் பொறிக்கப்பட்டது. மஹபூப் அலி கான் காலத்தில் சார்மினாரின் வளைவுக்குள் அவர் பெயரின் முதல் எழுத்தான "மீம்" இருந்தது. உஸ்மான் அலி கான் பட்டத்துக்கு வந்ததும் அந்த இடத்தில் "ஐன்" என்ற எழுத்து வந்தது. ஆட்சி மாறியபோதும் காசின் முகம் சார்மினாராகவே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பருத்தி விவசாயிக்கும் அந்தக் கோபுரம் தெரியும்.

1918-இல் முதல் உலகப் போர் காலத்து வெள்ளித் தட்டுப்பாட்டின்போது சமஸ்தானம் காகித நோட்டும் வெளியிடத் தொடங்கியது. அந்த நோட்டுகளில் உருது, தெலுங்கு, கன்னடம், மராத்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் மதிப்பு எழுதப்பட்டது. முடியாட்சிதான், ஆயினும் வாங்குகிறவன் எந்த மொழி பேசுகிறவன் என்று கேட்டு அச்சிட்ட நோட்டு அது.

இன்னொன்றும் நினைவுகூரத் தக்கது. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஆறுக்கு உஸ்மானியா ரூபாய் ஏழு என்பது கணக்கு. நூறு இந்திய ரூபாய்க்கு 116 ரூபாய் 10 அணா 8 பை. செகந்தராபாத் கண்டோன்மென்டில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் முதியோரிடம் கேட்டால், இந்த ஏழு–ஆறு வாய்ப்பாட்டைச் சிறு வயதில் மனப்பாடம் செய்த கதையைச் சொல்வார்கள். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பிறகும் உஸ்மானியா சிக்கா ஒரே நாளில் ஒழிக்கப்படவில்லை. 1959 வரை அவகாசம் தரப்பட்டது. இதற்கிடையே 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசாவும் வந்தது. இரண்டு நாணய முறைகள், இரண்டு கணக்கு முறைகள். அத்தனையையும் அதே ஹைதராபாத் கடைத்தெரு சமாளித்தது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துத்தான் அறியாமை என்கிறோம்.

அந்தப் பூக்கார மூதாட்டியிடம் திரும்பி வருகிறேன். இந்த நாணயம் போலி என்று நினைக்கிறீர்களா அம்மா என்று எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் கேட்டேன். போலி இல்லை, சர்க்கார் காசுதான் என்றார் சிறிதும் தயங்காமல். பின் ஏன் வாங்கவில்லை? "நான் வாங்கிக்கொள்வேன் பாபு, என்னிடமிருந்து யார் வாங்குவார்கள்?" என்றார். அதிகாலையில் மொத்தச் சந்தையில் பூ வாங்கும்போது அங்கே மறுப்பார்கள். திரும்பும்போது ஆட்டோக்காரர் மறுப்பார். நாள் முழுவதும் சேர்ந்தால் அன்றைய லாபம் முழுவதும் அந்த நாணயங்களாகவே தங்கிவிடும் என்றார்.

இதுவே பிரச்சினையின் உயிர்நாடி. நாணயம் அசல் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அடுத்தவர் வாங்கமாட்டார் என்பதிலும் அவருக்கு ஐயமில்லை. எனவே 14440-ஐ அழைத்து, நாணயம் செல்லும் என்ற செய்தியைக் கேட்பதால் அவருக்கு என்ன பயன்? அவருக்குத் தெரிந்ததையே அந்தக் குரல் சொல்கிறது. தமிழில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் வாக்குத் தவறாமை என்றும் இரு பொருள்கள் இருப்பது தற்செயல் அன்று. அடுத்தவர் வாங்குவார் என்ற வாக்கே காசுக்கு உயிர். அந்த வாக்கை அளிக்க வேண்டியது மூதாட்டி அல்லர்.

சரி, வங்கியில் கொண்டுபோய்க் கட்டலாமே என்பார்கள். நாணயங்களை மறுக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. எண்ண முடியாவிட்டால் எடை போட்டாவது வாங்குங்கள் என்றும் சொல்லியிருக்கிறது. நடைமுறை நாம் அறிந்ததுதான். காசாளர் நிமிர்ந்து பார்ப்பார். கூட்டம் குறைந்ததும் வாருங்கள் என்பார். கணக்கு இந்தக் கிளையில்தானா என்பார். எனக்கே ஒரு கிளையில் அந்த அனுபவம் உண்டு. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் உண்பவருக்குக் கூட்டம் குறையும் வரை காத்திருப்பது ஒரு வேளை வியாபாரம். இன்னொரு நுட்பமும் உண்டு. சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்களை ஒரு பரிமாற்றத்தில் ஆயிரம் ரூபாய் வரை மட்டுமே சட்டப்படி கொடுக்க முடியும். மொத்த வியாபாரியிடம் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பூ எடுப்பவர் முழுவதையும் காசாகக் கொடுத்தால், சட்டமும் அவர் பக்கம் நிற்காது.

இதெல்லாம் பழைய கவலை, இப்போது எல்லோரும் கைப்பேசியில்தானே பணம் செலுத்துகிறார்கள் என்று தில்லி நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான். அந்த இரானி தேநீர்க் கடையிலும் கல்லாவின் முன்னால் கட்டம் போட்ட அட்டை மாட்டியிருந்தது; நானும் கடைசியில் அதன் மூலமே பணம் கொடுத்தேன். ஆனால் என்னிடம் திறன்பேசியும் வங்கிக் கணக்கும் இருந்தன. இல்லாதவருக்கு? மோண்டா மார்க்கெட்டில் கூடை சுமப்பவருக்கு? ஊரிலிருந்து வந்து பேரனுக்கு மிட்டாய் வாங்கித் தர நினைக்கும் தாத்தாவுக்கு? சில்லறை என்பது சில்லறை விஷயமாகத் தோன்றுவது, அது கையில் தேவைப்படாதவர்களுக்கு மட்டுமே. பத்து ரூபாய் நோட்டோ சில மாதங்களில் அழுக்கேறி, ஒட்டுப் போட்டு, எண்ணெய்க் காகிதம் போல் ஆகிவிடுகிறது. அதற்கு மாற்றாகத்தான் நீண்ட நாள் உழைக்கும் நாணயம் வந்தது. ஐந்து நகரங்களில் பிளாஸ்டிக் பத்து ரூபாய் நோட்டைச் சோதிக்கப் போவதாக 2012 முதல் பேசினார்கள். அது பொதுப் புழக்கத்துக்கு வரவே இல்லை.

2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு சோதனைத் திட்டத்தை அறிவித்தது. கைப்பேசியில் பணம் செலுத்தினால் நாணயம் கொட்டும் இயந்திரங்களை 12 நகரங்களில் 19 இடங்களில் வைப்பது. ஹைதராபாத்தும் சென்னையும் அந்தப் பட்டியலில் இருந்தன. நோக்கம் நல்லதே. ஆனால் இயந்திரம் நாணயத்தைக் கொடுக்கும். வாங்கிச் செல்பவரிடமிருந்து அதை வாங்கப் போவது யார்? தண்ணீர் வராத குழாய்க்கு இன்னொரு குழாய் பொருத்துவதில் பயனில்லை. அடைப்பு எங்கே என்று பார்க்க வேண்டும்.

அடைப்பை நீக்கும் வேலையை அரசின் கைகளே முதலில் தொடங்க வேண்டும். ஹைதராபாத் நகரப் பேருந்துகளில் சில்லறை இல்லாதபோது நடத்துநர் மீதித் தொகையைப் பயணச்சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் வெகு காலமாக உண்டு. இறங்கும் அவசரத்தில் அதைக் கேட்டு வாங்க மறந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த எழுத்துக்குப் பதிலாகப் பத்து ரூபாய் நாணயம் மீதியாகக் கொடுக்கப்படட்டும். அதே நாணயத்தை மறுநாள் அதே பேருந்தில் மறுக்காமல் வாங்கட்டும். மின்கட்டண மையம், நியாயவிலைக் கடை, ரயில் பயணச்சீட்டு முகப்பு, ரைத்து பஜார் வாடகை வசூலிப்பவர் ஆகிய அனைவரும் வாங்கவும் கொடுக்கவும் தொடங்கினால், ஒரே மாதத்தில் மொத்தச் சந்தைக்காரரும் வாங்குவார். தெலுங்கிலும் உருதுவிலும், தமிழகத்தில் தமிழிலும், ஒவ்வொரு வடிவத்தின் படத்தையும் போட்டு இந்த இடங்களில் ஒரு பலகை மாட்டினால் போதும். குறுஞ்செய்தியை யாரும் படிப்பதில்லை. பேருந்தில் ஒட்டியதை ஊரே படிக்கும்.

அதோடு, நினைவு நாணயங்களைச் சேகரிப்போருக்கென்று தனியாக அச்சிடட்டும். நாணயச்சாலைகள் அவற்றை நல்ல விலைக்கு விற்கவும் செய்கின்றன. புழக்கத்துக்கு வரும் நாணயத்தில் மதிப்பைக் காட்டும் பக்கம் இனி ஒரு தலைமுறைக்கு மாறாதிருக்கட்டும். பழைய எஃகு நாணயங்களை வங்கிகள் வழியாகச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறட்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பெரிய செலவும் இல்லை.

அடுத்த நினைவு நாணயத்துக்கான கோப்பு இந்நேரம் தில்லியில் ஏதோ ஒரு மேஜையில் இருக்கக்கூடும். அதில் கையெழுத்திட வேண்டிய அதிகாரி ஒருமுறை ஹைதராபாத் சென்று, சைஃபாபாத் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, லக்டிகாபுல் வரை நடந்துவந்து ஒரு தேநீர் அருந்தட்டும். கைப்பேசியை விடுதியிலேயே வைத்துவிட்டு, சட்டைப் பையில் பத்து ரூபாய் நாணயங்களை மட்டும் எடுத்து வரட்டும்.